செட்டிபாளையத்துக் கடைசி வளைவு

சென்னை
18.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நந்திதா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். கழுத்தில் கொஞ்சம் பிடிப்பு, வலது முழங்காலில் கன்றிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். போனில் பேசலாம் என்றால் எண்ணெய் மில் சத்தத்தில் உங்கள் காது பாதி போய்விட்டது. நான் கத்துவதும் நீங்கள் திருப்பிக் கத்துவதும் தேங்காய்க் களத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும். வாட்ஸப்பில் அனுப்பினால் உங்கள் மகள் பிரவீனா முதலில் படித்துவிட்டுத்தான் உங்களிடம் போனைத் தருவாள். அதனால்தான் கடிதம்.

செட்டிபாளையம் டிராக்கில் நீங்களும் மாமாவும் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பந்தயம் முடிந்து உங்களைப் பார்க்காமலே கிளம்பி வந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். விசாரணை, ஆஸ்பத்திரி, நொறுங்கிய வண்டியை லாரியில் ஏற்றுவது என்று பொழுது போய்விட்டது.

நடந்தது இதுதான். கடைசிச் சுற்றில் பிரீத்திகா எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். கடைசி வளைவில் பிரேக்கை மிதித்தேன், பிடிக்கவில்லை. என் கார் அவள் காரைப் பின்னால் இடித்து, அவள் சுழன்று போய் டயர் அடுக்கில் மோதினாள். நானும் பின்னாலேயே போய் மோதினேன். அவளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கிறது. மோதியதில் என் வண்டியின் பிரேக் குழாயே அறுந்துபோனதால் சோதித்துப் பார்க்க வழியில்லை. நடுவர்கள் கேட்டார்கள், சொன்னேன், ஏற்றுக்கொண்டார்கள். குழாய்க்குள் காற்று புகுந்திருந்தால் பிரேக் பிடிக்காது, மெக்கானிக் ஆல்வின் அந்தக் காற்றை எடுக்காமல் விட்டிருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எங்கள் டீமின் முதலாளி கிருபாசங்கர் சார் அவரை அன்றைக்கே நிறுத்திவிட்டார். இதில் நான் செய்ய ஒன்றுமில்லை.

நல்ல செய்தியும் உண்டு. அமெரிக்காவில் ஸ்டாக் கார் ஓட்டும் ஒரு டீமிலிருந்து அன்று ஒருவர் வந்திருந்தார். நவம்பரில் அங்கே வந்து ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டாக் கார் என்றால் என்ன என்று மாமா கேட்பார். வெளியே பார்க்க ரோட்டில் ஓடும் கார் மாதிரிதான் இருக்கும், உள்ளே எல்லாம் வேறு. முட்டை வடிவப் பாதையில் கூட்டமாக, பம்பரோடு பம்பர் உரசிக்கொண்டு ஓட்டுவார்கள். என் பேரில் தண்டனை எதுவும் இல்லை என்று இங்குள்ள கார் பந்தயச் சங்கம் ஒரு சான்று கொடுத்தால் போதும். களத்தில் கொப்பரை காயும்போது மாமாவின் டெம்போவை எடுத்துக்கொண்டு சுற்றிச்சுற்றி வந்தவளுக்கு இது பெரிய விஷயம் அல்லவா.

விபத்தைப் பற்றி ஊரில் யாரிடமும் ரொம்பப் பேச வேண்டாம்.

உங்கள்
நந்திதா


காங்கேயம்
26.8.2024

அன்புள்ள நந்து கண்ணுக்கு,

உன் கடிதம் வந்தது. மாமாவுக்கும் படித்துக் காட்டினேன். அமெரிக்கா என்றதும் மனுஷனுக்கு வாயெல்லாம் பல். முட்டை வடிவத்தில் ரோடு போடுகிறவன் எவ்வளவு வேலையற்றவனாக இருப்பான் என்று கேட்கிறார். நீ அவருக்குத் தனியாக எழுதிப் புரியவை.

எனக்கு மட்டும் வயிறு எரிந்துகொண்டே இருக்கிறது. உன் கார் அந்த டயர்களில் மோதியபோது என் தங்கச்சி போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். எத்தனை பேர் சொன்னார்கள், பெண்பிள்ளையைக் கார் ஓட்ட விட்டுவிட்டு அக்காக்காரி வேடிக்கை பார்க்கிறாள் என்று. அத்தனை பேர் வாயையும் அடைத்துத்தான் உன்னை அனுப்பினேன். ஒருத்தனுடைய அலட்சியத்துக்கு உன்னைப் பலிகொடுக்கவா?

சும்மா இருக்க முடியவில்லை. அந்த ஆல்வினின் விலாசம் விசாரித்துக்கொண்டு மதுக்கரைக்கே போய்விட்டேன். தெரு முனையில் காரை நிறுத்திவிட்டு, “ஏனுங்க, ஆல்வின் ஊடு இதுங்களா?” என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். அவன் வெளியே வந்து நின்றதைப் பார்த்ததும் எனக்கு ஏறிவிட்டது. “எந்தங்கச்சி உசுரு உனக்கு வெளையாட்டாப் போச்சா?” என்று கேட்டேன். தெருவே கூடிவிட்டது. வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். அவன் பெண்டாட்டி இனியாதான், “அவரு அப்படி உட்டுப்போடற ஆளு இல்லீங்க. வேற ஆராச்சும் வண்டீல கைவெச்சிருப்பாங்கம்மா” என்று அழுதாள்.

திரும்பி வரும்போது அதுவே மனசில் ஓடிற்று. நிஜமாகவே வேறு எவனாவது கைவைத்திருந்தால்? டிரைவரிடம் காரை ஆனைமலைக்குத் திருப்பச் சொல்லிவிட்டேன். மாசாணியம்மன் கோயிலில், அநியாயம் நடந்தவர்கள் எல்லாரும் செய்கிற மாதிரி, வரமிளகாயை அரைத்து நீதிக்கல்லில் பூசிவிட்டு வந்தேன். பேர் எதுவும் சொல்லவில்லை. இந்தக் காரியத்துக்கு யார் காரணமோ, அவர்கள் கும்பி எரியட்டும், எரிந்து தானாக வந்து ஒத்துக்கொள்ளட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கை இன்னும் எரிகிறது. ஆனால் மனசு குளிர்ந்துவிட்டது.

நீ கவலைப்படாமல் அமெரிக்கா போகிற வேலையைப் பார் அம்மணி.

அக்கா
ராசாத்தாள்


சென்னை
2.9.2024

அக்கா,

உங்களை யார் மதுக்கரைக்குப் போகச் சொன்னது? வேண்டாம், யாரிடமும் பேச வேண்டாம் என்றுதானே எழுதினேன். ஆல்வின் நான்கு வருஷம் என் வண்டியைப் பார்த்தவர். நான் முதல் கோப்பை வாங்கியபோது மேடைக்குக் கீழே நின்று என்னைவிடச் சத்தமாகக் கத்தினவர். அவர் வீட்டு வாசலில் போய், அவர் பெண்டாட்டிக்கு முன்னால், தெருவைக் கூட்டி, என்னக்கா இது.

கோயிலுக்கும் போயிருக்க வேண்டாம். எனக்கு அதில் எல்லாம் நம்பிக்கை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் கடிதத்தைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. நீங்கள் மறுபடியும் ஆனைமலைக்குப் போய், செய்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க்காப்போ என்னவோ செய்து குளிர வைப்பார்களாமே, அதைச் செய்யுங்கள்.

இது ஒரு விபத்து. விபத்துக்கு யாரும் காரணமில்லை. பிரேக் சில சமயம் அப்படித்தான், கொஞ்சம் பிடிக்கும், கொஞ்சம் பிடிக்காது. அந்த நேரத்தில் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நடுவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். அதைக் கிளறினால் யாருக்கும் நல்லதில்லை.

பிரீத்திகாவைப் பார்த்தேனா என்று பிரவீனா கேட்டிருந்தாள். இன்னும் இல்லை. போக வேண்டும்.

நந்திதா


காங்கேயம்
12.9.2024

நந்து,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் பிரவீனா போனை எடுத்துக்கொண்டு வந்து, “சித்தி எவ்வளவு கெத்துன்னு பாருங்கம்மா” என்று ஒரு வீடியோவைக் காட்டினாள். உங்கள் டீம்காரர்கள் போட்டதாம். காருக்குள் உன்னைப் பார்க்க வைத்திருந்த கேமராவில் எடுத்தது. அந்தப் பந்தயம்தான்.

ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியவில்லை. ஆனால் கழுத்து தெரிகிறது கண்ணு. சின்ன வயதிலிருந்தே உனக்கு ஒரு பழக்கம். வேண்டுமென்று ஒன்றைச் செய்யப் போகிறாய் என்றால், செய்வதற்கு முன்னால் கழுத்தை இடது பக்கம் ஒரு சொடுக்குச் சொடுக்குவாய். பெரியப்பா மகன் யஷ்வந்தைச் சைக்கிளோடு வாய்க்காலில் தள்ளியபோதும் அதுதான். எனக்குத் தெரியாமல் என் கல்யாணப் புடவையைக் கத்தரிக்கப் போனபோதும் அதுதான். கடைசி வளைவுக்கு முன்னால் நீ கழுத்தைச் சொடுக்கினாய். அப்புறம் அசையாமல் உட்கார்ந்து நேராகப் போய் இடித்தாய்.

பிரேக் பிடிக்காதவர்களை நான் பார்த்திருக்கிறேன். போன வருஷம் மாமா டெம்போவில் பிரேக் போனபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். மனுஷன் காலால் குத்து குத்தென்று குத்தி, ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒடித்து, தெரிந்த சாமி தெரியாத சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டார். நீ ஒன்றும் செய்யவில்லை. திரும்பத்திரும்பப் பார்த்தேன். பிரவீனாவுக்கு ஒரே சந்தோஷம், அம்மா இவ்வளவு ஆசையாகப் பார்க்கிறாள் என்று.

எனக்கு இப்போது வீட்டுக்குள்ளேயே நிமிர்ந்து நடக்க முடியவில்லை. மதுக்கரையில் நான் பேசியதில் ஒரு வார்த்தையை உனக்கு எழுதவில்லை. அவர்கள் எந்தக் குலத்தில் பிறந்தவர்கள் என்பதை இழுத்து ஒன்று சொன்னேன். அதற்குத்தான் ஆல்வின் தலையைத் தொங்கப்போட்டார். அவ்வளவு பேசிய பிறகும் அந்தப் பெண் இனியா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். நாக்கு வறண்டிருந்தும் நான் வாங்கவில்லை. கோபத்தில் வாங்கவில்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோபம் மட்டும்தானா என்று இப்போது யோசிக்கவே கூசுகிறது.

நீ சொன்னபடி ஆனைமலைக்கும் போனேன். அங்கே அரைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் கேட்டதற்கு, “கேட்ட நாயம் கெடச்ச பொறகுதானுங்க எண்ணெய்க்காப்பு. நடுவால திருப்பிக்க முடியாதுங்கம்மணி” என்றாள். நான் வேண்டியது உன் தலைமேல்தானே விழும். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பாவம், அந்த அம்மாள் எனக்குப் பெரிய அநியாயம் நடந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு என் மிளகாயையும் சேர்த்து அரைத்துத் தருவதாகச் சொன்னாள்.

எனக்குத் தப்பாகத் தெரிந்திருந்தால் தப்பு என்று எழுது. உன் காலில் விழுகிறேன்.

அக்கா


சென்னை
20.9.2024

அக்கா,

உங்களுக்குத் தப்பாகத் தெரியவில்லை.

பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. நான் மிதிக்க வேண்டிய இடத்தில் மிதிக்கவில்லை. அமெரிக்காக்காரர் பந்தயத்துக்கு முன்னால் என்னிடம் கை கொடுத்து, எங்கள் ஊரில் வழிவிடும் வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள் என்று சொன்னார். ஸ்டாக் கார் பந்தயத்தில் முன்னால் போகிறவரை லேசாகத் தட்டி நகர்த்திவிட்டு உள்ளே புகுவது ஒரு கெட்டிக்காரத்தனம். நான் அந்தப் பந்தயங்களை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இங்கே அது குற்றம் என்று எனக்குத் தெரியும். லேசாகத்தான் தட்ட நினைத்தேன். லேசாகத் தட்டக்கூட எனக்கு வரவில்லை. அவர் என்னைத் தேர்ந்தெடுத்ததே அந்த இடியைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

நடுவர்கள் அறையில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆல்வின் கதவோரம் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவரிடம் திரும்பி, காற்று எடுத்தாயா என்று கேட்டார்கள். எடுத்தனுங்க என்றார். பின்னே எப்படி என்றார்கள். அவர் என்னைப் பார்த்தார். “மேடம் சொன்னா செரியாத்தானுங்க இருக்கும்” என்றார். அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். நான் குனிந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கழற்ற வேண்டிய அளவுக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டேன்.

வெட்கமாக இருக்கிறது அக்கா. கண்ணாடியைப் பார்த்துத் தலைவாரக்கூடப் பிடிக்கவில்லை. ஆனால் இப்போது சொன்னால் சங்கம் என்னைத் தடை செய்யும், சான்று தராது. அமெரிக்கா போய்விடும். இருபத்தொன்பது வயதில் இன்னொரு தடவை யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். நவம்பரில் போய் ஓட்டிவிட்டு வந்துவிடுகிறேன். வந்ததும் நானே எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன். ஆல்வினுக்கு வேறு ஒரு நல்ல இடத்தில் வேலைக்கும் சொல்கிறேன். அதுவரை நீங்கள் மாமாவிடம்கூடச் சொல்லக் கூடாது.

உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

நந்து


காங்கேயம்
28.9.2024

நந்து,

மாமாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு எனக்கு எங்கே வாய் இருக்கிறது.

நேற்று மதுக்கரைக்குப் போய் வந்தேன். நான் பேசியதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். அதே தெருவில், நின்று வேடிக்கை பார்த்தவர்கள் காதில் விழுகிற மாதிரிதான் கேட்டேன். உன் விஷயத்தை வாய்விடவில்லை. அது நான் சொல்ல வேண்டியது இல்லை. இனியா உட்காரச் சொன்னாள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

ஆல்வின் வீட்டில் இல்லை. சிமெண்ட் லாரிகள் நிற்கும் ஒரு ஷெட்டில் வண்டி கழுவுகிறாராம். “ஸ்பேனரத் தொடமாட்டீங்கறாருங்கம்மா. கேட்டா எரிஞ்சு உழுகறாரு” என்று இனியா சொன்னாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் எங்கே என் முகத்தில் தெரிந்துவிடுமோ என்று எழுந்து வந்துவிட்டேன்.

போய்விட்டு வந்து சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். நீ போய் ஜெயித்துவிட்டால் அப்புறம் சொல்ல மாட்டாய். தோற்றுவிட்டால் சொல்லத் தெம்பு இருக்காது. உன்னைத் தூக்கி வளர்த்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?

நீ கோப்பை வாங்கிய போட்டோக்களை மில் ஆபீஸில் வரிசையாக மாட்டியிருக்கிறேன் அல்லவா. கொப்பரை வாங்க வருகிறவர்கள், “உங்க தங்கச்சீங்களா?” என்று கேட்பார்கள். முன்பெல்லாம் வேலையை விட்டுவிட்டுக் கதை சொல்வேன். இப்போது ஆமாங்க என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொள்கிறேன். கழற்றி வைக்கவும் மனசு வரவில்லை. நீ அமெரிக்கா போக வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். அந்த ஆசை இன்னும் போகவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வெட்கம்.

இனி நான் எழுத மாட்டேன். நீ எழுதினால் படிக்கிறேன்.

அக்கா


கோயம்புத்தூர்
11.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எழுத வேண்டாம். படித்தால் போதும்.

சொல்லிவிட்டேன். நடுவர்களுக்கு எழுதிக் கொடுத்து, நேரிலும் போய் நின்றேன். கிருபாசங்கர் சார், “முடிஞ்சுபோன விசயம், எதுக்குங்க கெளறறீங்க?” என்று கடைசி வரை தடுத்துப் பார்த்தார். ஒரு வருஷத் தடை. அமெரிக்காவுக்கு நானே தெரிவித்தேன். இரண்டு வரியில் பதில் வந்தது. இடித்ததைப் பற்றி அவர்களுக்கு வருத்தமில்லையாம். பொய் சொன்ன ஓட்டுநரை டீமில் வைத்துக்கொள்ள முடியாதாம். அதைப் படித்துவிட்டு பாத்ரூமில் போய் உட்கார்ந்து அழுதேன். நல்லது செய்துவிட்ட நிம்மதி எல்லாம் ஒன்றும் வரவில்லை. போச்சே என்றுதான் அழுதேன்.

பிரீத்திகா வீட்டுக்குப் போனேன். கையை இன்னும் கழுத்தில் கட்டித்தான் தொங்கவிட்டிருக்கிறாள். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, “எனக்கு அன்னிக்கே தெரியும். நீ ஒருநாள் வருவியான்னு மட்டும்தான் தெரியல” என்றாள். காபி கொடுத்தாள். வாசல் வரை வந்து வழியனுப்பவில்லை.

பிறகு மதுக்கரை. ஆல்வின் அன்று வீட்டில் இருந்தார். என்னைப் பார்த்ததும், “வாங்க மேடம், கழுத்து வலி செரியாப் போச்சுங்களா?” என்று கேட்டார். முதல் வார்த்தையே அதுதான் அக்கா. இனியா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். எனக்கு உட்கார முடியவில்லை. அவர் கத்தட்டும், நீங்கள் அவர் வாசலில் நின்று கத்தின மாதிரி தெருவைக் கூட்டி என்னைக் கேட்கட்டும் என்று தயாராகித்தான் போயிருந்தேன். அது நடந்துவிட்டால் கொஞ்சமாவது லேசாகும் என்று நினைத்தேன்.

அவர் எதுவும் கேட்கவில்லை. தானாகவே பேசினார். “அன்னிக்குக் காத்து எடுத்தது எனக்கு நல்லா நெனப்பிருக்குதுங்க மேடம். நாலு சக்கரத்துக்கும் எடுத்தேன். ஆனா நீங்க பிடிக்கலைன்னு சொன்னீங்க. நீங்க எதுக்குங்க பொய் சொல்லப்போறீங்க? அப்ப எம்பட புத்திதான் தடுமாறிப்போச்சு. செய்யாததச் செஞ்சதா நெனச்சுக்கறேன்னு தோணிப்போச்சுங்க. அதான் ஆரு வண்டியையும் தொடறதில்ல. இன்னொரு புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா?”

இனியா குறுக்கே சொன்னாள், அவர் தன் ஸ்கூட்டரின் பிரேக்கைக்கூடப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துத்தான் பார்க்கச் சொல்கிறாராம். அவளைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டுவதையே நிறுத்திவிட்டாராம்.

நான் அவருடைய வேலையை மட்டும்தான் பறித்தேன் என்று நினைத்திருந்தேன் அக்கா.

சொன்னேன். பிரேக் பிடித்தது, நான்தான் மிதிக்கவில்லை, வேண்டுமென்றேதான் இடித்தேன், பொய் சொன்னேன், எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்றும் சொன்னேன். அவர் அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நெசமாவே பிடிச்சுதுங்களா மேடம்?”

“பிடிச்சுதுங்க ஆல்வின்.”

“மொத சுத்துலேர்ந்தே?”

“மொத சுத்துலேர்ந்து கடைசி வரைக்கும். நல்லாப் பிடிச்சுது.”

அவர் திரும்பி, பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த இனியாவிடம், அவள் இதுவரை எதையும் கேட்டிராத மாதிரி, உரக்கச் சொன்னார். “இனியா, பிரேக்கு பிடிச்சுதாமா.” அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. என்மேல் கோபம் வருவதற்கு அவருக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

உங்கள்
நந்திதா